மலிவுத் தேயிலையை மறுத்தவர்கள்

1773-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஏழு கப்பல்கள் தேயிலை ஏற்றிக்கொண்டு லண்டனிலிருந்து வட அமெரிக்காவுக்குக் கிளம்பின. நான்கு பாஸ்டனுக்கு, நியூயார்க், பிலடெல்ஃபியா, சார்ல்ஸ்டன் ஆகிய துறைமுகங்களுக்கு ஒவ்வொன்று. பெட்டிகளில் இருந்தது சீனத் தேயிலை. அனுப்பியது கிழக்கிந்தியக் கம்பெனி. அமெரிக்கக் கடைகளில் அதுவரை சட்டப்படி விற்ற தேயிலையைவிட இது விலை குறைவு. டச்சுக்காரர்களிடம் வாங்கி இரவோடு இரவாகக் கரையிறக்கிய கடத்தல் தேயிலையோடும் விலையில் போட்டி போடக்கூடியது. இவ்வளவு மலிவாக வீடு தேடி வந்த பொருளைத்தான் பாஸ்டன் மக்கள் கடலில் கொட்டினார்கள். ஏன் கொட்டினார்கள் என்பது விளங்கிவிட்டால் அமெரிக்க விடுதலைப் போரின் பாதி விளங்கிவிடும்.

1770 மார்ச் 5 இரவு பாஸ்டன் வீதியில் பிரிட்டிஷ் சிப்பாய்கள் சுட்டு ஐந்து பேர் இறந்ததோடு சென்ற இதழில் நிறுத்தியிருந்தோம். அதே மார்ச் 5 அன்று, கடலுக்கு அப்பால் லண்டன் நாடாளுமன்றத்தில், பிரதமர் நார்த் பிரபு ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். கண்ணாடி, காகிதம், ஈயம், வண்ணப்பூச்சு ஆகியவற்றின் மீது முன்னாள் நிதியமைச்சர் டவுன்ஷெண்ட் போட்ட வரிகளை நீக்கிவிடலாம். தேயிலை மீதான வரி மட்டும் இருக்கட்டும் என்பது அதன் சாரம். பவுண்டுக்கு மூன்று பென்ஸ். கஜானாவுக்கு அதனால் பெரிய வரவு ஒன்றும் இல்லை. பிறகு எதற்கு அதை மட்டும் விட்டுவைத்தார்கள்? அமெரிக்கக் குடியேற்றங்களின் மீது எந்தச் சட்டமும் போடும் உரிமை தனக்கு உண்டு என்று 1766-லேயே நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியிருந்தது. அந்த உரிமை வெறும் காகிதத்தில் தூங்காமல் இருக்க ஒரு வரியாவது நடைமுறையில் இருக்க வேண்டும் என்று நார்த் நினைத்தார். அக்கரையில் இருந்தவர்களும் அதை அப்படியே புரிந்துகொண்டார்கள். மூன்று பென்ஸ் யாருக்கும் பாரமில்லை. தாங்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்காத ஒரு மன்றம் தங்கள் பையில் கையை விடலாமா என்பதுதான் வழக்கு.

இந்த வழக்கு 1770-க்குப் பிறகு ஓரளவு அடங்கிக் கிடந்தது. அதை மறுபடி மூட்டியவை இந்தியாவில் நடந்த நிகழ்வுகள்.

1765-ல் வங்காளத்தின் திவானி, அதாவது வரி வசூலிக்கும் உரிமை கிடைத்ததும் கம்பெனியின் பங்குகள் லண்டனில் தாறுமாறாக ஏறின. அரசாங்கம் தன் பங்குக்கு ஆண்டுக்கு 4 லட்சம் பவுண்டு கேட்டு வாங்கிக்கொண்டது. அந்த மிதப்பு நீடிக்கவில்லை. 1769-ல் ஹைதர் அலி தன் குதிரைப்படையோடு சென்னப்பட்டணத்தின் வாசல்வரை வந்து, தன் விருப்பப்படி கம்பெனியை உடன்படிக்கையில் கையெழுத்திட வைத்தார். தெற்கிலிருந்து வந்த செய்திகள் லண்டனை எட்டியபோது கம்பெனிப் பங்குகளின் விலை சரிந்தது. அடுத்து வங்காளத்தில் பஞ்சம். மக்களில் மூன்றில் ஒரு பங்காவது மாண்டிருப்பார்கள் என்று வங்காளத்தின் கம்பெனி கவர்னர் வாரன் ஹேஸ்டிங்ஸே 1772-ல் மேலிடத்துக்கு எழுதினார். அத்தனை பேர் செத்த பிறகும் நிலவரி வசூல் குறையாமல் பார்த்துக்கொண்டார்கள் என்பதையும் அவரே பதிவு செய்திருக்கிறார். அதே 1772-ல் லண்டனில் வங்கிகள் சில கவிழ, கடன் கிடைக்காமல் கம்பெனி தத்தளித்தது. அதன் கிடங்குகளில் விற்காத தேயிலை சுமார் 1 கோடியே 70 லட்சம் பவுண்டு எடைக்குத் தேங்கிக் கிடந்தது.

கம்பெனியை மூழ்கவிட முடியாது; நாடாளுமன்ற உறுப்பினர்கள் பலரே அதன் பங்குதாரர்கள். 14 லட்சம் பவுண்டு கடனோடு, 1773 மே மாதம் தேயிலைச் சட்டமும் பிறந்தது. அதுவரை கம்பெனி தன் தேயிலையை லண்டனில் ஏலம் விடும். வணிகர்கள் எடுத்து அமெரிக்காவுக்கு அனுப்புவார்கள். இனி கம்பெனியே நேரடியாக அனுப்பலாம், இங்கிலாந்தில் கட்டிய சுங்கத்தை முழுவதும் திரும்பப் பெறலாம், அமெரிக்காவில் தானே நியமிக்கும் முகவர்கள் வழியாக விற்கலாம். விலை இறங்கியது இப்படித்தான். மூன்று பென்ஸ் அமெரிக்க வரியையும் இதோடு எடுத்துவிடுங்கள் என்று சில உறுப்பினர்கள் நார்த்திடம் மன்றாடினார்கள். அவர் இசையவில்லை. என் கணிப்பில், பிரிட்டன் ஓர் அமெரிக்கப் பேரரசை இழந்த கதையில் இதைவிடச் சிறிய பிடிவாதமும் இல்லை, இதைவிடப் பெரிய விலையும் இல்லை.

அமெரிக்க வணிகர்களுக்குச் சொந்த நலன் இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. டச்சுத் தேயிலையைக் கடத்திப் பணம் பார்த்தவர்கள் பலர். கம்பெனியின் ஏகபோகம் வந்தால் அவர்கள் பிழைப்பு போகும். கவர்னர் தாமஸ் ஹட்சின்சனின் இரண்டு மகன்கள் பாஸ்டன் முகவர் பட்டியலில் இருந்தார்கள். முகவர் பட்டம் கிடைக்காதவர்களுக்கு அது எரிச்சல். ஆனால் எதிர்ப்பு வணிகர் வீட்டு வாசலோடு நின்றுவிடவில்லை. பென்சில்வேனியா வழக்கறிஞர் ஜான் டிக்கின்சன் புனைபெயரில் எழுதிய துண்டுப்பிரசுரத்தில் வங்காளத்தின் பட்டினிச் சாவுகளைச் சுட்டிக்காட்டினார். ஆசியாவில் மக்களின் சோற்றைப் பறித்துப் பதுக்கிய இந்தக் கம்பெனிதான் இப்போது நம் கரைக்கு வருகிறது என்று எச்சரித்தார். தங்களுக்கு என்ன நேரலாம் என்பதை அவர்கள் வங்காளத்தில் பார்த்தார்கள். கம்பெனியின் கொடுமையை இந்தியாவுக்கு வெளியே இருந்து பார்த்துப் பயந்தவர்கள் இப்படி எழுதினார்கள் என்பதை நம் வரலாற்று வகுப்புகளில் யாரும் எனக்குச் சொன்னதில்லை.

முதல் கப்பலான டார்ட்மத், நவம்பர் 28 அன்று பாஸ்டன் துறைமுகத்துக்குள் நுழைந்தது. அதன் சரக்கில் தேயிலையோடு ஒரு புத்தகத்தின் பிரதிகளும் இருந்தன. எழுதியவர் ஃபிலிஸ் வீட்லி. ஏழெட்டு வயதில் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்டு 1761-ல் பாஸ்டனில் விற்கப்பட்ட சிறுமி. அந்த வீட்டிலேயே படித்துக் கவிஞரானவர். லண்டனில் அச்சான அவருடைய கவிதை நூல் அந்தக் கப்பலில் ஊர் திரும்பியது. விடுதலை, அடிமைத்தளை என்ற சொற்கள் நகரமெங்கும் முழங்கிய அதே வாரங்களில், உண்மையான அடிமைத்தளையிலிருந்து அப்போதுதான் விடுபட்டிருந்த ஒரு பெண் தன் புத்தகம் கரையிறங்கக் காத்திருந்தார்.

சட்டப்படி கப்பல் வந்த இருபது நாளுக்குள் சுங்கம் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் அதிகாரிகளே சரக்கைப் பறிமுதல் செய்து விற்பார்கள்; விற்றால் வரி வசூலாகிவிடும். டார்ட்மத்துக்குக் கெடு டிசம்பர் 17-ல் முடிகிறது. எலினோர், பீவர் என்ற மற்ற இரண்டு கப்பல்களும் வந்து கிரிஃபின் துறையில் கட்டப்பட்டன. நான்காவது கப்பல் கேப் காட் அருகே தரைதட்டியது. ஊரார் முறைவைத்து இரவும் பகலும் கப்பல்களைக் காவல் காத்தார்கள், ஒரு பெட்டிகூட இறங்கக் கூடாதென்று. முகவர்கள் துறைமுகத் தீவிலிருந்த கோட்டைக்குள் தஞ்சம் புகுந்தார்கள். சரக்கோடு திரும்பிப் போகக் கப்பல்காரர்கள் தயார். ஹட்சின்சன் அனுமதிச் சீட்டுத் தர மறுத்தார்.

டிசம்பர் 16. மழை பெய்த குளிர்நாள். நகரின் மிகப் பெரிய கூடமான ஓல்ட் சவுத் வழிபாட்டு மன்றத்தில் சுமார் ஐயாயிரம் பேர் கூடினார்கள். பாஸ்டனின் மொத்த மக்கள்தொகையே அன்று பதினாறாயிரம் சொச்சம்தான். சுற்றுப்புற ஊர்களிலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். டார்ட்மத்தின் உரிமையாளர்களில் ஒருவரான பிரான்சிஸ் ராட்ச், இருபத்து மூன்று வயது இளைஞர், கடைசியாக ஒரு முறை கவர்னரைக் கேட்டுவர மில்டன் கிராமத்துக்கு அனுப்பப்பட்டார். அவர் இருட்டிய பிறகு வெறுங்கையோடு திரும்பினார். கூட்டம் இனி செய்யக்கூடியது ஒன்றுமில்லை என்று எதிர்ப்பாளர்களின் தலைவர் சாமுவேல் ஆடம்ஸ் அறிவித்தார். சற்று நேரத்தில் வாசல் பக்கமிருந்து கூச்சல் எழுந்தது. முகத்தில் கரி பூசி, போர்வை சுற்றி, மொஹாக் பழங்குடியினர்போல வேடமிட்ட ஆட்கள் துறையை நோக்கி நடந்தார்கள்.

நூறிலிருந்து நூற்றைம்பது பேர் இருக்கும். தச்சர்கள், கொத்தனார்கள், தொழில் பழகும் பையன்கள், சில வணிகர்கள், ஒன்றிரண்டு மருத்துவர்கள். ஜார்ஜ் ஹியூஸ் என்ற ஏழைச் செருப்புத் தொழிலாளி பல பத்தாண்டுகள் கழித்துச் சொன்ன நினைவுகள்தான் அந்த இரவைப் பற்றி நமக்குக் கிடைத்த நல்ல சாட்சியம். கப்பல் தலைவரிடம் கிடங்குச் சாவியையும் மெழுகுவத்திகளையும் கேட்டு வாங்கியவர் அவர்தான். பெட்டிகளை மேல்தளத்துக்குத் தூக்கி, கோடரியால் பிளந்து, தேயிலையைத் தண்ணீரில் கவிழ்த்தார்கள். மூன்று மணி நேர வேலை. கடல் அப்போது வற்றியிருந்ததால் தேயிலை வைக்கோல் போர்போலக் குவிந்து கப்பலின் பக்கவாட்டில் முட்டிக்கொண்டு நின்றது. 340-க்கு மேற்பட்ட பெட்டிகள், சுமார் 92,000 பவுண்டு எடை. கம்பெனி சொன்ன மதிப்பு 9,659 பவுண்டு. வேறு எந்தச் சரக்கையும் தொடவில்லை. கோட்டுப் பைகளில் தேயிலை திணித்துக்கொண்ட ஒருவரை ஹியூஸே பிடித்துக் கொடுக்க, ஊரார் அவரை உதைத்து விரட்டினார்கள். பீரங்கிக் கப்பல்கள் கூப்பிடு தூரத்தில் நின்றும் சுடவில்லை. துறையில் திரண்டிருந்த கூட்டத்தில் எத்தனை பேர் சாவார்கள் என்று தளபதி யோசித்திருக்க வேண்டும்.

மற்ற துறைமுகங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பிலடெல்ஃபியா கப்பலும் நியூயார்க் கப்பலும் சரக்கோடு திருப்பி அனுப்பப்பட்டன. சார்ல்ஸ்டனில் அதிகாரிகள் தேயிலையை இறக்கிக் கிடங்கில் பூட்டினார்கள். பின்னாளில் புரட்சி அரசு அதை விற்றுத் தன் செலவுக்கு எடுத்துக்கொண்டது.

தேயிலை அழிப்பை எல்லா அமெரிக்கர்களும் மெச்சவில்லை. லண்டனில் இருந்த பெஞ்சமின் பிராங்க்ளின், கம்பெனிக்கு நஷ்டஈடு கொடுத்துவிடுவதே முறை என்றார். வர்ஜீனியாவின் ஜார்ஜ் வாஷிங்டனுக்கும் பாஸ்டன்காரர்கள் செய்தது பிடிக்கவில்லை. விவகாரம் அந்த அளவில் நின்றிருக்கக்கூடும். நிறுத்தவிடாமல் செய்தது லண்டனின் கோபம்.

1774-ல் நாடாளுமன்றம் அடுத்தடுத்துத் தண்டனைச் சட்டங்களை இயற்றியது. ஜூன் 1 முதல் பாஸ்டன் துறைமுகம் மூடப்பட்டது. தேயிலைக்குப் பணம் கட்டும்வரை கப்பல் வராது. குற்றம் சாட்டப்பட்ட அரச அதிகாரிகளை விசாரிக்க வேறிடம் கொண்டுபோகலாம். சிப்பாய்களைத் தங்கவைக்கக் கட்டடங்களை எடுத்துக்கொள்ளலாம். இவற்றிலெல்லாம் கொடியது மாசசூசெட்ஸ் ஆட்சிச் சட்டம் என்பேன். மேலவை உறுப்பினர்களை இனி அரசர் நியமிப்பார். ஜூரிகளை அரசு அதிகாரியான ஷெரிஃப் பொறுக்குவார். ஊர்க்கூட்டம் ஆண்டுக்கு ஒரு முறைதான். அதற்கு மேல் கூட்டினால் கவர்னர் அனுமதி வேண்டும். துறைமுகத்தை மூடியது பாஸ்டனை மட்டும் தாக்கியது. ஊர்க்கூட்டத்தில் கைவைத்ததோ, பாலம் கட்டுவதிலிருந்து பள்ளி ஆசிரியர் சம்பளம்வரை நூறாண்டுகளுக்கு மேலாகத் தாங்களே கூடிப் பேசி முடிவெடுத்துவந்த ஒவ்வொரு கிராமத்தையும் தாக்கியது. தேநீரே குடிக்காத உழவனுக்கும் அன்று வழக்கு வீட்டுக்குள் வந்துவிட்டது.

உதவி பல திசைகளிலிருந்து வந்தது. தென் கரோலினா அரிசி அனுப்பியது. கனெக்டிகட்டிலிருந்து இஸ்ரேல் புட்னம் என்ற பழைய போர்வீரர் நூற்றுக்கு மேற்பட்ட செம்மறியாடுகளைத் தாமே பாஸ்டனுக்கு ஓட்டிவந்தார். வர்ஜீனியா சட்டமன்றம், துறைமுகம் மூடப்படும் நாளை உண்ணாநோன்பு நாளாக அறிவித்தது; அங்கிருந்த கவர்னர் மன்றத்தைக் கலைத்தார்; உறுப்பினர்கள் பக்கத்திலிருந்த ராலே விடுதிக்குப் போய் உட்கார்ந்து, எல்லாக் குடியேற்றங்களும் சேர்ந்து ஒரு பேரவை கூட்ட வேண்டும் என்று அழைப்பு விடுத்தார்கள்.

அந்தக் கோடையில் மாசசூசெட்ஸின் உள்நாட்டு ஊர்களில் நடந்தது பலருக்குத் தெரியாது. வேடம் போட்டுக் கப்பலேறிய இரவின் புகழில் அது மறைந்துவிட்டது. எனக்கு அதுவே இந்த வரலாற்றின் மையமாகத் தோன்றுகிறது.

புதிய சட்டப்படி நியமிக்கப்பட்ட நீதிபதிகள் அமரும் நீதிமன்றங்களை ஊர் ஊராக மக்கள் மூடத் தொடங்கினார்கள். ஆகஸ்ட் நடுவில் மேற்குக் கோடியில் உள்ள கிரேட் பாரிங்டனில் கூட்டம் நீதிமன்ற வாசலை அடைத்து நின்றது. செப்டம்பர் 1 அன்று, புதிய கவர்னரும் படைத்தலைவருமான தாமஸ் கேஜ், பாஸ்டனுக்கு அருகே ஒரு கிடங்கிலிருந்த வெடிமருந்தைப் படை அனுப்பி எடுத்துக்கொண்டார். சண்டை மூண்டுவிட்டது, பாஸ்டன்மீது குண்டு விழுகிறது என்று வதந்தி பரவ, மறுநாள் ஆயிரக்கணக்கானோர் பாஸ்டன் பக்கம் விரைந்து வந்தார்கள். கேஜ் அதிர்ந்துபோனார். வொர்செஸ்டர் நீதிமன்றத்தைக் காக்கப் படை அனுப்ப நினைத்திருந்தவர் அந்த எண்ணத்தைக் கைவிட்டார்.

செப்டம்பர் 6 காலையில் வொர்செஸ்டரில் 37 ஊர்களின் ஊர்ப்படைகள் திரண்டன. எண்ணிக்கையை ஒருவர் குறித்துவைத்திருக்கிறார்: 4,622 பேர். நீதிபதிகளும் வழக்கறிஞர்களும் நீதிமன்றத்துக்குள் நுழைய முடியாமல் ஹேவுட் என்பவரின் விடுதியில் முடங்கினார்கள். சாலையின் இரு ஓரமும் ஆட்கள் வரிசையாக நிற்க, அதிகாரிகள் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி நடுவே நடந்து, புதிய சட்டத்தின்கீழ் பணி செய்ய மாட்டோம் என்ற உறுதிமொழியை வாய்விட்டுப் படித்தார்கள். கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டுமே; முப்பது முறைக்கு மேல் படித்தார்கள். ஒரு துப்பாக்கி வெடிக்கவில்லை, ஓர் உயிர் போகவில்லை. அந்த மாவட்டத்தில் அரசரின் ஆட்சி அன்றோடு ஓய்ந்தது. அடுத்த மாதம் வொர்செஸ்டர் ஊர்க்கூட்டம், டிமொத்தி பிகெலோ என்ற கொல்லரைத் தன் பிரதிநிதியாக அனுப்பியபோது, மக்கள் பெயரில் புதிய அரசு ஒன்றை அமைக்கப் பாடுபடும்படி எழுதிக் கொடுத்தது. பிலடெல்ஃபியாவின் விடுதலைப் பிரகடனத்துக்கு அப்போது இன்னும் 21 மாதங்கள் இருந்தன.

கேஜின் அதிகாரம் பாஸ்டன் நகர எல்லைக்குள் சுருங்கியது. மாகாணப் பேரவை என்ற பெயரில் மக்கள் பிரதிநிதிகள் தனியாகக் கூடினார்கள். வரிப்பணத்தை அரசரின் பொருளாளரிடம் கட்டாமல் தங்கள் பொருளாளரிடம் கட்டச் சொன்னார்கள். அழைத்த நிமிடமே துப்பாக்கியோடு புறப்படக்கூடிய ஊர்ப்படைப் பிரிவுகளைப் பழக்கினார்கள். பத்தாயிரம் பேர் போதுமென்று நினைத்தால் இருபதாயிரம் அனுப்புங்கள் என்ற பொருளில் கேஜ் லண்டனுக்கு எழுதினார். கையில் இருந்தது சுமார் மூவாயிரம். களத்தில் நின்று உண்மையைச் சொன்ன அவரைத் தலைநகரம் கோழை என்றது.

செப்டம்பர் 5 அன்று பிலடெல்ஃபியாவில் தச்சர் சங்கத்தின் கட்டடத்தில் முதல் கண்டப் பேரவை கூடியது. ஜார்ஜியா தவிர்த்துப் பன்னிரண்டு குடியேற்றங்களிலிருந்து 56 பேர் வந்தார்கள். பிரிவினை வேண்டும் என்று அங்கே யாரும் தீர்மானம் கொண்டுவரவில்லை. அரசருக்கு விண்ணப்பம்தான் எழுதினார்கள். ஆனால் டிசம்பர் 1 முதல் பிரிட்டிஷ் சரக்கு வாங்குவதில்லை என்று முடிவெடுத்து, அதைக் கண்காணிக்க ஒவ்வொரு ஊரிலும் தேர்தல் நடத்திக் குழு அமைக்கச் சொன்னார்கள். இந்தக் குழுக்கள் கடைக்கணக்கைப் பார்த்தன, மீறியவர் பெயரைப் பத்திரிகையில் போட்டன. அவற்றின் கெடுபிடி சில இடங்களில் வரம்பு மீறியது. மாற்றுக் கருத்துக்காரர்கள் ஊரைவிட்டு ஓட நேர்ந்ததும் உண்டு. அரசு என்ற பெயரில்லாமல் அரசின் வேலையை அவை செய்தன. 1775-ல் பிரிட்டனிலிருந்து இறக்குமதி முந்தைய ஆண்டின் அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே விழுந்தது.

வாங்குவதை நிறுத்துவது என்றால் நூற்பதும் நெய்வதும் வீட்டிலேயே நடக்க வேண்டும். அந்தச் சுமை பெண்கள்மீது விழுந்தது. 1774 அக்டோபரில் வட கரோலினாவின் ஈடன்டன் ஊரில் 51 பெண்கள் தங்கள் பெயரிட்டே ஆதரவு அறிக்கை வெளியிட்டார்கள். லண்டனில் அவர்களைக் கேலிச்சித்திரம் போட்டுச் சிரித்தார்கள். பெண்கள் பொதுக்காரியத்தில் கையெழுத்திடுவது அன்று எவ்வளவு துணிச்சல் என்பதை அந்தக் கேலியே காட்டுகிறது.

அடிமை வணிகத்தையும் டிசம்பர் 1 முதல் நிறுத்துவதாகப் பேரவை சொன்னது. அடிமைத்தனத்தை நிறுத்துவதாகச் சொல்லவில்லை. குடியேற்றங்களில் அன்று ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் அடிமை. 1773 ஏப்ரலிலேயே பீட்டர் பெஸ்டெஸ், ஃபீலிக்ஸ் ஹோல்புரூக் உள்ளிட்ட நான்கு அடிமைகள் மாசசூசெட்ஸ் பிரதிநிதிகளுக்கு ஒரு கடிதம் அச்சிட்டு அனுப்பினார்கள். தங்களை அடிமையாக்க முயல்வோரை இவ்வளவு உறுதியாக எதிர்ப்பவர்களிடமிருந்து பெரிதாக எதிர்பார்க்கிறோம் என்பது அதன் கருத்து. பதில் கிடைக்கவில்லை. 1774 மார்ச்சில் பத்திரிகைகளில் வந்த ஒரு கடிதத்தில் ஃபிலிஸ் வீட்லியும் அதே கேள்வியை எழுப்பினார்: ஒவ்வொரு மனித நெஞ்சிலும் கடவுள் விடுதலை வேட்கையை வைத்திருக்கும்போது, விடுதலைக்குக் குரல் கொடுத்துக்கொண்டே பிறரை அடக்கி வைப்பது எப்படிப் பொருந்தும்? இந்தக் கேள்வியைத் தள்ளிவைத்தபடியே அந்த நாடு பிறந்தது. விலையை அடுத்த நூற்றாண்டில் ரத்தமாகக் கட்டியது.

பேரவையின் விண்ணப்பத்தை அரசர் மூன்றாம் ஜார்ஜ் பொருட்படுத்தவில்லை. இவர்கள் கீழ்ப்படிந்தவர்களா தனி நாட்டவர்களா என்பதை அடிதான் தீர்மானிக்க வேண்டும் என்று 1774 நவம்பரிலேயே நார்த்துக்கு எழுதிவிட்டார். சும்மா இருக்காமல் உடனே செயல்படுமாறு கேஜுக்கு எழுதப்பட்ட உத்தரவு, கடல் கடந்து 1775 ஏப்ரல் 14 அன்று அவர் கைக்கு வந்தது. பாஸ்டனிலிருந்து ஏறக்குறைய இருபது மைலில் உள்ள கான்கார்டில் ஊர்ப்படையினர் ஆயுதங்களைச் சேர்த்து வைத்திருப்பது ஒற்றர்கள் வழியாக அவருக்குத் தெரியும். ஏப்ரல் 18 இரவு சுமார் 700 சிப்பாய்கள் ஓசையின்றிப் படகேறி சார்ல்ஸ் ஆற்றைக் கடந்தார்கள். ஓசைதான் வெளியே வரவில்லை. செய்தி அவர்களுக்கு முன்பே குதிரையேறிவிட்டது. லெக்சிங்டன் என்ற சிற்றூர் வழியாக அவர்கள் போக வேண்டும். அங்கே ஜான் பார்க்கர் என்ற உழவர் எழுபது சொச்சம் பேரோடு விழித்திருந்தார். அந்த விடியலை அடுத்த இதழில் பார்ப்போம்.